மொக்கன்குடா எண்டு பொறிக்காதேங்கோ

கோலியர்ஸ் வுட், லண்டன்
18.02.2024

அன்புத் தம்பி றெஜி,

யாகப்பர் புண்ணியத்தில நானும் அத்தானும் ஜெனோஜாவும் சுகமா இருக்கிறம். உன்ர நாரி நோ எப்பிடி? டயாலிசிஸ் சென்ரரில நாள் முழுக்க நிண்டு வேலை செய்யிறாய், வீட்டுக்கு வந்தாவது இரு. தாரகாவையும் பிள்ளையளையும் கேட்டதாச் சொல்லு.

வட்ஸ்அப் இருக்கேக்க ஆர் இப்ப கடிதம் எழுதுகினம் எண்டு ஜெனோஜா என்னைப் பாத்துச் சிரிக்கிறாள். போனில நீ ‘சரி அக்கா, சரி அக்கா’ எண்டு என்ர கதையை வெட்டிப்போடுவாய். கடிதத்தை வெட்ட ஏலாது. அதுதான்.

விசயம் இதுதான். எங்கட மன்னார் ஒன்றியம் பங்கு மண்டபத்தில ஒரு கறுப்புக் கல்லுப் பலகை வைக்கப்போகுது. சண்டையில வெறிச்சுப்போன எங்கட ஊருகளின்ர பேரெல்லாம் அதில பொறிக்கிறது. ஆடி மாதம் யாகப்பர் திருநாளுக்குத் திறப்பு விழா. நல்ல விசயம்தானே எண்டு நானும் கூட்டத்துக்குப் போனன். தலைவர் ஆர் எண்டு உனக்குத் தெரியும், மத்தியாஸ், எங்கட வருங்காலச் சம்மந்தி. அவர் ஊருகளின்ர பேரை ஒவ்வொண்டா வாசிச்சுக்கொண்டு வந்தார். எங்கட ஊர் வந்தது. ‘மொக்கன்குடா’ எண்டார். மொக்கன் எண்டா முட்டாள்தானே, பின்னுக்கு இருந்த ரெண்டு பேர் சிரிச்சது எனக்குக் கேட்டது.

நான் எழும்பினன். “எங்கட ஊர் கூவல்குடா” எண்டன்.

“அரசாங்கக் கெசற்றில மொக்கன்குடா எண்டுதானே கிடக்கு, சம்மந்தி” எண்டார்.

“கெசற்றை எழுதினவன் எங்களிட்டக் கேட்டு எழுதேல்லை.”

“அது வெள்ளைக்காரன் காலத்துப் பேர். எல்லாருக்கும் அப்பிடிச் சொன்னாத்தான் விளங்கும்.”

“விளங்கிறதுக்காக நாங்கள் மொக்கரா இருக்க ஏலாது” எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டன்.

அடுத்த கூட்டம் சித்திரையில. நீ என்ன நினைக்கிறாய் எண்டு எழுது. ஜெனோஜாவின்ர கலியாணம் புரட்டாசியில எண்டு பேசி வைச்சிருக்கிறம், இப்பவே லீவு கேட்டு வை.

உன்ர அக்கா,
இசபெல்

•

பேசன், அரிசோனா
09.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கட கடிதம் கிடைச்சது. நாங்கள் எல்லாரும் சுகம். நாரி நோ பரவாயில்லை, இஞ்ச இப்பதான் பனி கரையுது. அத்தானுக்குப் பஸ் ஓட்டத்தில இப்ப காலை ஷிப்ட்டோ, பின்னேரமோ?

அக்கா, கோபிக்காம வாசியுங்கோ. மத்தியாஸ் அண்ணையோட இப்ப ஏன் கொழுவல்? பிள்ளை போய் வாழப்போற வீடு. ஒரு கல்லில என்ன எழுதினாலும் எங்கட ஊர் எங்கட ஊர்தானே.

ஒண்டு சொல்லுறன். இஞ்ச எங்கட சென்ரருக்கு வேர்னன் எண்டு ஒருத்தர் வாறவர். கிழமையில மூண்டு நாள் என்ர கையால ஊசி குத்தி, நாலு மணித்தியாலம் மெசினோட இருந்துபோட்டுப் போவார். காட்டுத்தீ அணைக்கிற படையில முப்பது வருசம் வேலை செய்தவர், என்னை விட அஞ்சாறு வயது மூப்பு. அப்பாச்சி இனத்து ஆள். அவையின்ர குடியிருப்பு எங்கட ரவுணுக்குப் பக்கத்திலதான் இருக்கு. அவர் போடுற தொப்பியில ‘டொன்டோ அப்பாச்சி’ எண்டு அவையின்ர இனத்தின்ர பேர் கிடக்கும். போன கிழமை சும்மா இருக்கேக்க அதுக்கு என்ன கருத்து எண்டு கேட்டன்.

“டொன்டோ எண்டா ஸ்பானியத்தில முட்டாள்” எண்டார். முகத்தில ஒரு மாற்றமும் இல்லை.

நான் பகிடி எண்டு நினைச்சன். பகிடி இல்லையாம். பக்கத்து அப்பாச்சிக் கூட்டம் ஒண்டுக்கு இவையின்ர பேச்சு வடிவா விளங்கேல்லையாம். அதால இவையை ‘புத்தி இல்லாத ஆக்கள்’ எண்டு சொல்லியிருக்கினம். ஸ்பானியக்காரர் அதைத் தங்கட பாசையில மாத்தி எழுதிப்போட்டினம். அப்பாச்சி எண்ட சொல்லும் அவையின்ர இல்லையாம். சூனி எண்ட வேற இனத்தார் எதிரிக்குச் சொல்லுற சொல்லில இருந்து வந்தது எண்டு கன பேர் சொல்லுகினம், படிச்ச ஆக்கள் இன்னும் அதில ஒத்துப்போகேல்லையாம். “அப்ப நாங்கள் அரசாங்கத்துக்கு முட்டாள் எதிரி” எண்டு சொல்லிச் சிரிச்சார்.

அந்தப் பேரிலதான் அரசாங்கம் அவையை ஒரு இனம் எண்டு ஏற்றுக் காணி குடுத்தது. அந்தப் பேரிலதான் அவையின்ர கந்தோர், வாகனம் எல்லாம். அவை அதோட வாழுகினம்தானே. நாங்களும் விடுவம் அக்கா.

இப்படிக்கு,
தம்பி றெஜினோல்ட்

•

கோலியர்ஸ் வுட்
02.04.2024

அன்புத் தம்பி,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. நாங்கள் சுகம். உன்ர கடிதத்தை அத்தானுக்கு வாசிச்சுக் காட்டினன். ‘அப்பாச்சி’ எண்டு வந்த இடத்தில ஆற்ற அப்பாச்சி, உவன்ர தகப்பன்ர தாய் எப்ப அமெரிக்கா போனவ எண்டு கேட்டார். சிரிச்சு முடிஞ்சு பாத்தா எனக்குக் கோபம் அப்பிடியே கிடக்கு.

நீ அந்த மனுசனிட்டப் பாதிதான் கேட்டிருக்கிறாய். மற்றவை என்ன சொல்லிக் கூப்பிடுகினம் எண்டு கேட்டாய். அவை தங்களை என்னெண்டு சொல்லுகினம் எண்டு கேட்டியோ?

நான் வேலை செய்யிற பல் கிளினிக்கில நாள் முழுக்க மனுசற்ற பேரைத்தான் கூப்பிடுறன். போலந்துக்காரர், சோமாலி, கானா, எங்கட ஆக்கள். பேர் வாயில வராட்டி ‘எப்பிடிச் சொல்லுறது?’ எண்டு அவையளிட்டயே கேப்பன். கேட்ட உடன அந்த முகங்களைப் பாக்க வேணும். அவ்வளவுதான் நான் ஒன்றியத்திட்டக் கேக்கிறது.

எங்கட ஆக்களும் அப்பிடித்தானே மொக்கர் ஆனவை. வியாபாரியள் வந்து விலை கேக்க எங்கட பேச்சு அவைக்கு விளங்கேல்லை, அவையின்ர பேச்சு எங்களுக்கு விளங்கேல்லை. பேசாம நிண்டதுக்கு மொக்கர் எண்டிச்சினம். அதைத் துரைமாருக்குச் சொல்ல, துரை எழுதிப்போட்டுப் போயிட்டான். அகதி முகாமில பதிவுக்கு நிண்டது உனக்கு நினைவிருக்கோ தெரியாது, நீ அப்ப சின்னன். அந்த ஒபீசர் எங்கட கார்ட்டைப் பாத்து மைக்கில ‘மொக்கன்குடா ஆக்கள் இந்தப் பக்கம்’ எண்டான். எல்லாத்தையும் விட்டுப்போட்டு வந்து நிண்ட அவ்வளவு சனமும் சிரிச்சது. எங்கட ஐயா தலையைக் குனிஞ்சுகொண்டு அந்தப் பக்கம் போனார். நான் இனி அந்தப் பக்கம் போகமாட்டன்.

மத்தியாஸ் போன ஞாயிறு வீட்டை வந்தார். கேக் ஒண்டும் கொண்டுவந்தார். “சம்மந்தி, உங்களுக்காகக் கமிட்டியிட்டக் கதைச்சிட்டன். மொக்கன்குடா எண்ட பேரை எடுத்திடுவம்” எண்டார். எனக்குச் சந்தோசம் வந்து வாய் திறக்க முதல், “கடைசியில ‘மற்றும் ஏனைய கிராமங்கள்’ எண்டு ஒரு வரி போடுறம். அதுக்குள்ள நீங்களும் வந்திடுவியள். பிள்ளையின்ர கலியாணக் கார்ட்டிலயும் மன்னார் எண்டு மட்டும் போட்டாக் காணும்” எண்டார்.

அப்பத்தான் எனக்கு விளங்கினது. அவருக்கு எந்தப் பேரும் வேண்டாம். தன்ர மகன் எந்த ஊரில பொம்பிளை எடுக்கிறான் எண்டு சபைக்குத் தெரியக்கூடாது.

“ஏனைய எண்டு எங்கட ஊரில ஆரும் பிறக்கேல்லை” எண்டன். கேக்கை வெட்டாமலே அவர் போயிட்டார்.

உன்ர கலியாணக் கார்ட்டிலயும் ஊர்ப் பேர் இருக்கேல்லைத் தம்பி. நான் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை. இண்டைக்குச் சொல்லுறன்.

தாரகாவுக்கும் பிள்ளையளுக்கும் என்ர அன்பு.

அக்கா

•

பேசன்
20.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதப் பிந்திப்போச்சு. வேலை கூட. நாங்கள் சுகம். உங்கட பிரசர் எப்பிடி, குளிசை ஒழுங்காப் போடுறியளோ?

வேர்னனிட்ட மிச்சப் பாதியையும் கேட்டன். கேள்வி உங்களது எண்டும் சொன்னன். “உங்கட அக்கா எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு” எண்டார்.

அவை தங்களைச் சொல்லுறது ‘டில்ஜே’ மாதிரி ஒரு சொல். கடைசியில தொண்டையை ஒருக்கா அடைச்சுத் திறக்க வேணும். எனக்கு வரேல்லை. அவர் ஊசி கையில இருக்க என்னை நாலைஞ்சு தரம் சொல்ல வைச்சார், பக்கத்துக் கதிரையில இருந்த மனுசி சிரிச்சுது. என்ன கருத்து எண்டு கேட்டன். கீச்சுக்குரல் ஆக்கள் எண்டு சிலர் சொல்லுகினமாம். வேட்டைக்காரர் எண்டு சிலர். நிச்சயமா ஆருக்கும் தெரியாதாம். “கருத்துத் தெரிஞ்சாப்போல என்ன, தெரியாட்டி என்ன? என்ர அம்மா என்னைத் திட்டேக்க பாவிச்ச சொல் அது” எண்டார்.

இன்னொண்டும் சொன்னவர். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைஞ்சாம் ஆண்டு மாசிக் குளிருக்க பட்டாளம் அவையின்ர ஆக்களையும் பக்கத்து யாவபாய் எண்ட இனத்தையும் எழுப்பி, மலையும் ஆறும் தாண்டி சான் கார்லோஸ் எண்ட இடத்துக்கு நடத்திக்கொண்டு போச்சுதாம். நூற்றெண்பது மைல். வழியில கன பேர் செத்துப்போச்சினம். கால் நூற்றாண்டு கழிச்சு மிஞ்சினவை கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்தா, காணியில வேற ஆக்கள் வீடு கட்டி இருக்கினம். சொந்த மண்ணில கள்ளக் குடியேற்றம் மாதிரி ஓரத்தில இருந்திருக்கினம். போன நூற்றாண்டில எழுபதுகளிலதான் ஒரு துண்டுக் காணி கிடைச்சது. எங்களுக்கு இதெல்லாம் ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை எண்டு நான் அவருக்குச் சொன்னன். பிறகு ஊரைப் பற்றிச் சொன்னன். இவ்வளவு காலம் அவருக்கும் யாழ்ப்பாணம் எண்டுதான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.

கலியாணத் திகதி முடிவாச்சோ? ரிக்கற் போட வேணும்.

றெஜி

•

கோலியர்ஸ் வுட்
12.06.2024

தம்பி,

நாங்கள் சுகம், நீங்களும் சுகமா இருக்க மன்றாடுறன். கனக்க எழுத நேரமில்லை.

சித்திரைக் கூட்டத்தில சரிவரேல்லை. கூவல்குடா எண்டு பொறிக்கச் சொல்லி மனு எழுதி, எங்கட ஊராக்களிட்டக் கையெழுத்து எடுத்துக்கொண்டு திரியிறன். குட்மேய்ஸில அஞ்சு வீடு, வெம்பிளியில மூண்டு, இஞ்ச ரூட்டிங் பக்கம் மிச்சம். லீவு நாளில அத்தான் காரில கொண்டுபோய் விடுறார். எல்லாரும் கதவைத் திறந்து சிரிக்கினம் எண்டு நினையாத. ஒரு வீட்டில, பிள்ளையளுக்கு நாங்கள் எந்த ஊர் எண்டே தெரியாது, இப்ப கிளறாதேங்கோ எண்டு தேத்தண்ணியும் தந்து அனுப்பிவிட்டினம். வெம்பிளியில லக்‌ஷிகா எண்டு ஒரு கலியாணம் முடிச்ச பெட்டை, தாயும் தகப்பனும் வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல, தானே முதல் கையெழுத்துப் போட்டாள்.

நீயும் போட்டு அனுப்பு. கனடாவில இருக்கிற ஆக்களிட்டயும் சொல்லு. முழுப் பேரும் ஊர்ப் பேரும் எழுத வேணும்.

ஜெனோஜா சுகம்.

அக்கா

•

பேசன்
28.06.2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். என்ர கையெழுத்து இதோட வருது. ரொறன்ரோவில இருக்கிற எட்டுக் குடும்பமும் போட்டிருக்கு. பிரான்சில இருந்தும் வருமாம்.

முழு ஊர்ப் பேரையும் எழுதிக்கொண்டிருக்க தாரகா பின்னுக்கு வந்து நிண்டாள். “உங்கட ஊர் யாழ்ப்பாணம் இல்லையோ?” எண்டு கேப்பாள் எண்டு நினைச்சன். அவள், “கூவல்குடாவுக்கு எந்த ‘ல’ வரும்?” எண்டு கேட்டாள். எப்ப தெரியும் எண்டன். கலியாணத்துக்கு முதலே தகப்பன் விசாரிச்சவராம். இவ்வளவு வருசமா நான் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தாளாம். எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்திட்டுப் போயிட்டாள்.

அக்கா, நான் ரெண்டாம் தரமாக் கேக்கிறன். ஜெனோஜாவின்ர கலியாணத் திகதி என்ன? நீங்கள் கையெழுத்தைப் பற்றி எழுதுறியள், அத்தான்ர காரைப் பற்றி எழுதுறியள், பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு சொல். என்னெண்டு எழுதுங்கோ.

றெஜி

•

கோலியர்ஸ் வுட்
08.07.2024

அன்புள்ள றெஜி மாமாவுக்கு,

நான் ஜெனோஜா. நீங்களும் மாமியும் சின்னாக்களும் சுகமா இருக்கிறீங்கள் எண்டு நம்புறன். என்ர தமிழ் எழுத்துப் பிழை எண்டா மன்னிக்கவும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில படிச்சதோட நிண்டது.

உங்கட கடிதத்தை அம்மா குசினி மேசையில வைச்சிட்டு ரெண்டு நாளா அதைச் சுத்தி நடக்கிறா. பதில் எழுத மாட்டா. அதனால நான் எழுதுறன். அம்மாவுக்கு இது தெரியாது.

கலியாணம் இல்லை மாமா. வைகாசியில நிண்டது. நிப்பாட்டினது நான். அவையள் இல்லை, அம்மாவும் இல்லை. இதை நீங்கள் வடிவா விளங்க வேணும், ஏனெண்டா அம்மா தன்னாலதான் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா.

நானும் றொஜனும் அழைப்பிதழ் பாக்கப் போனம். என்ர பேருக்குக் கீழ ‘மன்னார்’ எண்டு மட்டும் இருந்தது. கூவல்குடா எண்டு போடுவம் எண்டு சொன்னன். அவன் சொன்னான், “அப்பா விரும்பமாட்டார். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனா ஏன் தேவையில்லாம?”

நான் கேட்டன், “நாளைக்கு எங்களுக்குப் பிள்ளை பிறந்தா, அம்மா எந்த ஊர் எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?”

அவன் யோசிச்சான். உண்மையா யோசிச்சான், அதுக்கு நான் அவனைக் குறை சொல்ல மாட்டன். பிறகு, “லண்டன் எண்டு சொல்லுவம்” எண்டான்.

றொஜன் கூடாதவன் இல்லை மாமா. ஆறு வருசம் தெரியும். ஆனா அவன் எனக்கு ஒரு நல்லது செய்யிற மாதிரி அதைச் சொன்னான். என்னை ஒரு அசிங்கத்தில இருந்து காப்பாத்திற மாதிரி. நான் மோதிரத்தை அவன்ர காரிலயே வைச்சிட்டு ரெயினில வந்திட்டன். ரெயினில அழுதன். இப்பவும் சில நாள் அழுறன். ஆனா திருப்பி எடுக்க நினைக்கேல்லை.

அம்மாவை விடச் சொல்லி எழுதாதேங்கோ. இப்ப அம்மா விட்டா நான் சும்மா ஒரு கலியாணத்தை இழந்த ஆள் ஆயிடுவன்.

அன்புடன்,
ஜெனோஜா

•

பேசன்
15.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மூண்டு பேரும் சுகம் எண்டு நம்புறன். கலியாணத்தைப் பற்றி இனிக் கேக்கேல்லை. ஜெனோஜாவுக்கு என்ர முத்தம். அவள் வளந்ததை நான் கிட்ட இருந்து பாக்கேல்லை எண்டுதான் கவலை.

திருநாளுக்கு ஒன்றியம் உங்கட மனுவை ஏற்காது எண்டு ரொறன்ரோவில கதைக்கினம். வேர்னனிட்டச் சொன்னன். அவற்ற இனத்தாரிலயே பாதிப் பேருக்கு அந்தச் சொல் இப்ப வாயில வாறேல்லையாம், தன்ர மருமக்கள் அந்தப் பாசையைத் திரும்பப் படிக்கினமாம். “நாங்கள் ஆரிட்டயும் அனுமதி கேட்டுக்கொண்டு இருக்கேல்லை. பாவிச்சுக்கொண்டு இருந்தம்” எண்டார்.

நான் முதல் எழுதின கடிதத்தில விடுங்கோ எண்டு எழுதியிருந்தன். அதைக் கிழிச்சுப்போடுங்கோ.

போங்கோ அக்கா. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

றெஜி

•

கோலியர்ஸ் வுட்
01.08.2024

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம். என்ர தொண்டை மட்டும் அடைச்சுக் கிடக்கு. ஏன் எண்டு வாசி.

ஞாயிற்றுக்கிழமை திருநாள் பூசை முடிஞ்சு எல்லாரும் மண்டபத்துக்குப் போனம். பலகைக்கு மஞ்சள் சீலை போட்டு மூடியிருந்தது. எங்கட ஊராக்கள் முப்பது நாப்பது பேர் பின்னுக்கு நிண்டம். தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்ட அந்த வீட்டுக்காரரும் வந்து நிண்டினம், என்னோட கதைக்கேல்லை, ஆனா எங்கட பக்கம் நிண்டினம். ஜெனோஜா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். முன்வரிசையில றொஜனும் தாயும்.

ஃபாதர் சீலையை எடுத்தார். மத்தியாஸ் மைக்கில ஒவ்வொரு ஊராக வாசிக்க, அந்த ஊர் ஆள் ஒருத்தர் போய் மெழுகுதிரி கொளுத்த வேணும். எல்லாம் முடிஞ்சு கடைசியில வாசிச்சார்: “மற்றும் ஏனைய கிராமங்கள்.” அதுக்கு ஆர் திரி கொளுத்திறது எண்டு அவை யோசிக்கேல்லை. கடைசித் திரி கொளுத்தாம நிண்டது.

நான் பேசத்தான் நினைச்சுக்கொண்டு போனனான். எழுதி மனப்பாடம் எல்லாம் பண்ணினனான். வாயைத் திறந்தன். அப்ப என்னை அறியாம, கரையில நிண்டு வள்ளத்துக்குக் கூப்பிடுறமே, அந்தக் கூவல் வந்தது. நீ மறந்திருக்க மாட்டாய். அடிவயித்தில தொடங்கி மேல மேல போற கூவல். இருவத்தெட்டு வருசம் லண்டனில இருந்து ஒருக்காலும் கூவாத வாய். கூவி முடிச்சுப்போட்டு, “கூவல்குடா” எண்டன்.

எங்கட ஆம்பிளையள் பின்னுக்கு நிண்டு பதில் குடுத்தாங்கள், வள்ளத்தில இருந்து குடுக்கிற மாதிரி. அத்தானும் குடுத்தார், அவர் எங்கட ஊர் இல்லை, கள்ளக் குரல். முன்னுக்கு இருந்த கொஞ்சப் பேர் சிரிச்சினம். இருங்கோ எண்டு மத்தியாஸ் கையைக் காட்டினார்.

பிறகு முன்வரிசையில இருந்து ஒரு பதில் வந்தது. மெல்லிய குரல், உடைஞ்ச குரல், ஆனா சரியான கூவல். எழும்பி நிண்டது பிலோமினா, மத்தியாசின்ர பெண்சாதி. கொழும்பில பிறந்து வளந்தவ எண்டுதானே எங்களுக்கு எல்லாம் தெரியும்.

“பிலோ, இரு” எண்டார் அவர். மைக் அவற்ற கையில இருந்தபடியா முழு மண்டபத்துக்கும் கேட்டது.

அவ இருக்கேல்லை. “என்ர அம்மா கூவல்குடா” எண்டு சொன்னா. அவரிட்டச் சொல்லேல்லை, சபைக்குச் சொன்னா. “அவ செத்த வீட்டு நோட்டிசிலயும் இவர் மன்னார் எண்டுதான் போட்டவர்.” பிறகு போய் மெழுகுதிரியை எடுத்துக் கொளுத்தினா. றொஜன் தாயைப் பாத்துக்கொண்டு இருந்தான். அவனுக்கு அது புதுச் செய்தி, தம்பி. தன்ர தாயின்ர ஊர் அவனுக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

ஜெனோஜாவின்ர விசயம் அவள் உனக்கு எழுதினது எனக்குத் தெரியும். நீ கேக்காம விட்டதுமே விளங்கினது. நான் எழுதாம விட்டது, என்ர வாயால என்ர பிள்ளையின்ர வாழ்க்கை போச்சுது எண்டு எழுதக் கை வரேல்லை. மண்டபத்தில அந்த மனுசியைப் பாத்த பிறகு எனக்கு அந்தப் பயம் இல்லை. முப்பது வருசம் அவ இருந்த இடத்திலதான் என்ர பிள்ளையை இருத்தப் பாத்தன்.

அக்கா

•

பேசன்
24.08.2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். உங்கட தொண்டை மாறியிருக்கும். கடிதத்தைத் தாரகா ரெண்டு தரம் வாசிச்சாள். சாப்பாட்டு மேசையில நான் கூவிக் காட்ட வேணும் எண்டு பிள்ளையள் ஒற்றைக்காலில நிண்டாங்கள். கூவினன். பக்கத்து வீட்டுக்காரன் என்ன பிரச்சினை எண்டு கேட்டு வந்திட்டான். எங்கட ஊர் எண்டு சொல்லி அனுப்பினன்.

ஒன்றியம் என்ன சொல்லுது?

றெஜி

•

கோலியர்ஸ் வுட்
21.10.2024

அன்புத் தம்பி,

நாங்கள் எல்லாரும் சுகம். குளிர் தொடங்கீட்டுது. உன்ர பிள்ளையளுக்குக் கம்பளிச் சட்டை அனுப்பினன், கிடைச்சதோ?

கேட்டாய், ஒன்றியம் என்ன சொல்லுது எண்டு. புரட்டாசி கடைசியில மத்தியாசும் இன்னும் ரெண்டு பேரும் வீட்டை வந்திச்சினம். மனுசன் மெலிஞ்சுபோனார். கமிட்டி ஒத்துக்கொண்டிட்டுது, ‘கூவல்குடா’ எண்டு பொறிக்கிறம் எண்டார். பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ள மொக்கன்குடா எண்டும் போட வேணுமாம், பழைய ஆக்களுக்கு விளங்கிறதுக்கு.

“வேண்டாம்” எண்டன்.

“சம்மந்தி...” எண்டு தொடங்கினவர், அந்தச் சொல்லு இனிப் பொருந்தாது எண்டு நினைவு வந்து நிப்பாட்டினார். “தங்கச்சி, ஒரு பிராக்கெட் தானே. நாங்கள் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறம்.”

நான் வாய் திறக்க முதல் அத்தான் கதைச்சார். எட்டு மாதமா இந்த விசயத்தில கார் மட்டும் ஓட்டின மனுசன். “அண்ணை, சின்ன வயசில உங்களை ஊரில பெடியள் என்ன பட்டப்பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள்?” எண்டு கேட்டார்.

கூட வந்த ஒருத்தர் குனிஞ்சு சிரிச்சார்.

“அதை உங்கட கல்லறையில பிராக்கெட்டுக்குள்ள போட விடுவியளோ?” எண்டார் அத்தான்.

அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எழும்பிச்சினம். வாசலில வைச்சு மத்தியாஸ் எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, “பிலோ என்னோட கதைக்கிறேல்லை” எண்டார். பாவமாத்தான் இருந்தது. ஆனா அதுக்கு மருந்து என்னட்ட இல்லை எண்டு சொன்னன்.

போன கிழமை பொறிச்சாச்சு. இடம் இல்லாததால ‘ஏனைய கிராமங்கள்’ எண்ட வரியைத் தேய்ச்சு எடுத்துப்போட்டு அந்த இடத்தில எங்கட பேரைப் போட்டிருக்கினம். கை வைச்சுப் பாத்தா அந்த இடம் மட்டும் கொஞ்சம் பள்ளம். போட்டோ எடுத்து இதோட வைச்சிருக்கிறன். பிலோமினாவும் நானும் நிக்கிறம். வேர்னனுக்கும் காட்டு. அவற்ற பாசையில அவற்ற ஆக்களின்ர பேரை எழுதி அனுப்பச் சொல்லு, சொல்லிப் பழகிறதுக்கு.

றொஜன் ஜெனோஜாவிட்ட வந்து, அழைப்பிதழில என்ன வேணுமெண்டாலும் போடுவம் எண்டு சொன்னவன். “உன்ர அம்மாவுக்கு நடந்தது தெரிஞ்ச பிறகு வந்திருக்கிறாய். எனக்காக வைகாசியில வந்திருக்க வேணும்” எண்டு சொல்லி அனுப்பிவிட்டாள். நான் இதில ஒரு சொல்லும் சொல்லேல்லை.

இனி ஊருக்குப் போறன். ஊரில இப்ப எழுவது குடும்பம் திரும்பி இருக்குது, அவையின்ர அடையாள அட்டையில இன்னும் பழைய பேர்தான். கெசற்றில மாத்தச் சொல்லி எல்லாக் கையெழுத்தையும் கொண்டு தை மாதம் மன்னார் மாவட்டச் செயலகத்துக்கு, கச்சேரிக்குப் போறம், நானும் ஜெனோஜாவும் பிலோமினாவும். ரிக்கற் போட்டாச்சு. ஒரு நாளில நடக்காது எண்டு தெரியும். திரும்பத் திரும்பப் போவம்.

வாசலில நிக்கிற பியோன் முதல் கேக்கிறது எந்த ஊர் எண்டுதான்.

கேக்கட்டும்.

உன்ர அக்கா,
இசபெல்